கடன் நோட்டைப் புரட்டினால் ஊர் நிலவரம் தெரியும்!



இந்தப் பகுதியில் சமையல் குறிப்பு, கைவேலை, பிள்ளை வளர்ப்பு, மாமியார் மருமகள் விவகாரம் என்று எத்தனையோ எழுதுகிறோம். ஆனால் காலையில் எழுந்ததும் 'ஓடிப்போய் கால் கிலோ சர்க்கரை வாங்கிட்டு வா' என்று பிள்ளையை விரட்டுகிறோமே, அந்தத் தெருமுனைக் கடையைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. நான் ஒரு மளிகைக் கடைக்காரரின் மனைவி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் கடை புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. 1986-ல் மாமனார் ஆரம்பித்தது. வீட்டுக்காரர் சரக்கெடுக்கப் போகும் நேரமெல்லாம் நான்தான் கல்லாவில் உட்காருவேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாட்டில் பணம் புழங்குகிறதா, இல்லையா என்று பெரிய பெரிய ஆட்கள் பேசுகிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். கிராமத்து மளிகைக் கடையில் தொங்குகிற கடன் நோட்டைப் புரட்டினால் போதும். ஊர் நிலவரம் அப்படியே தெரிந்துவிடும்.

வீட்டுக்கு ஒரு பக்கம்

எங்கள் கடன் நோட்டில் பாதிப் பேருக்குப் பெயரே இருக்காது. 'புளியமரத்து வீடு', 'பூக்கட்டுற அக்கா', 'சிங்கப்பூர் வீடு', 'கொத்தனார்' என்றுதான் மாமா எழுதி வைத்திருப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தவணை.

கொத்தனார், சித்தாள் வீடுகளில் சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கியதும் பாக்கியைத் தீர்ப்பார்கள். மறுபடி திங்கட்கிழமை எழுத ஆரம்பிப்போம். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் மாசம் ஒரு தடவை மொத்தமாக வரும். நெல், கடலை போடுகிற வீடு அறுவடை வரைக்கும் காத்திருக்கும். பூந்தோட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு. எங்கள் பக்கம் கீரமங்கலம் பூ மார்க்கெட் பேர்போனது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறினால் அன்றைக்கு எங்கள் கடையில் கடலைப்பருப்பும் வெல்லமும் கூடுதலாகப் போகும். விலை படுத்துவிட்டால் 'அக்கா, நோட்ல எழுதிக்கங்க' என்று குரல் மட்டும் வரும்.

என் சின்னம்மா மகள் கோட்டைப்பட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கே கடலை வைத்துத்தான் கடை. மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள்தான். 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஆகிவிட்டது. அந்த இரண்டு மாசமும் விசைப்படகு ஓடாது. அந்தத் தெருக் கடைகளில் நோட்டு தடித்துக்கொண்டே போகும். படகு கடலுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் மெலியும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. கையில் காசு இருந்தால் பெண்கள் கிலோ பாக்கெட்டாக வாங்குவார்கள். கை இறுகினால் சாஷேவுக்கு வந்துவிடுவார்கள். எண்ணெய் 'அரை லிட்டர்' என்பது 'பத்து ரூபாய்க்கு' என்று மாறும். அரிசிக் கடையில் சிப்பம் வாங்கியவர்கள் இரண்டு கிலோ பொட்டலம் கேட்பார்கள். கேட்கும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அதிலேயே தெரிந்துவிடும்.

அத்தை சொன்ன சைக்கிள் கதை

ஊர் மாறினால் கடையும் மாறும் என்பதற்கு என் மாமியார் ஒரு கதை சொல்வார். 1991-ல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளிலேயே பெண்கள் கிளம்பினார்களாம். அதுவரை அத்தை கண்ணுக்கு எட்டியது எங்கள் கடை ஒன்றுதான். சைக்கிள் வந்ததும் 'ஆலங்குடியில கிலோவுக்கு எட்டணா கம்மி' என்று விலை விசாரித்துக்கொண்டு வந்து மாமாவிடமே சொன்னார்களாம். 'அன்னிக்கித்தான் உங்க மாமா விலையைக் குறைச்சாரு' என்று அத்தை இன்றைக்கும் சிரிப்பார். பெண்களுக்கு நாலு இடம் போகத் தெரிந்தால் கடைக்காரனும் ஒழுங்காக இருப்பான். இதைக் கடைக்காரர் மனைவியான நானே சொல்கிறேன்!

2008-ல் நூறு நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது பெண்கள் கையில் தனியாகக் காசு வந்தது. 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷனில் அரிசி இலவசமானது. எங்கள் கடையில் அரிசி விற்பனை குறைந்தது உண்மைதான். ஆனால் அரிசிக்குப் போன காசு பருப்புக்கும், எண்ணெய்க்கும், பிள்ளைகள் பிஸ்கட்டுக்கும் வந்தது. ஒரு பக்கம் போனது மறுபக்கம் வந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் கடை நன்றாகத்தான் நடந்தது.

ஒன்றன்பின் ஒன்றாக

2016 நவம்பர் 8 ராத்திரி, 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். மறுநாள் காலையில் கடைக்கு வந்தவர்கள் கையில் எல்லாம் 500 ரூபாய். திருப்பித் தர எங்களிடம் சில்லறை இல்லை. தெரிந்த முகம், பசிக்கிற வீடு. என்ன செய்வது? எழுதிக்கொண்டோம். பிறகு புது 2,000 ரூபாய் நோட்டு வந்தது. அதற்கும் சில்லறை இல்லை. மறுபடி எழுதிக்கொண்டோம். அந்த இரண்டு மாசத்தில் நோட்டில் புதிதாக எத்தனையோ பக்கம் ஏறியது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. சின்னக் கடைகள் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று வரம்பு வைத்தார்கள். முதலில் வருஷ விற்பனை 20 லட்சம், 2019 ஏப்ரல் முதல் சரக்குக் கடைகளுக்கு 40 லட்சம். அதனால் எங்களுக்கு நேரடித் தொல்லை இல்லை. ஆனால் சரக்கு கொடுக்கிற ஏஜென்சிகள் எல்லாம் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறினார்கள். 'மாமா, அடுத்த வாரம் தர்றேன்' என்று துண்டுச்சீட்டில் நடந்த வியாபாரம் 'இறக்கினதும் காசு' என்று ஆனது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

அதற்கப்புறம் 2018 நவம்பர் 16. கஜா புயலை எங்கள் பக்கத்து ஜனம் சாகிற வரை மறக்காது. விடியற்காலையில் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். ஆனால் அடித்த அடி எங்கள் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வரைக்கும். தென்னை, பலா, வாழை எல்லாம் வேரோடு சாய்ந்தன. எங்கள் கடைத் தகரம் பறந்து பக்கத்துக் கொல்லையில் கிடந்தது. நாலு மூட்டை அரிசி நனைந்து வீணாகிவிட்டது.

அன்றைக்கு எல்லோரும் கேட்டது மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும்தான். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அக்கம்பக்கத்தில் மெழுகுவர்த்தி இரண்டு மடங்கு விலைக்குப் போவதாகப் பேச்சு. மாமா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, ஒத்த வத்தி கூட விலை ஏத்தி விக்கக்கூடாது. விழுந்து கிடக்கிறவன்கிட்ட லாபம் பாத்தா அந்தக் காசு தங்காது" என்றார். இருந்ததை ஆளுக்கு இரண்டு என்று பழைய விலைக்கே கொடுத்தோம்.

பிறகு எங்கெங்கிருந்தோ நல்ல மனசுக்காரர்கள் லாரியில் அரிசி, பருப்பு, பாய், தார்ப்பாய் கொண்டுவந்தார்கள். அவர்கள் கோடி வருஷம் நன்றாக இருக்கட்டும். ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த ஒரு மாசம் எங்கள் கடையில் அரிசியும் பருப்பும் விற்கவே இல்லை. நிவாரணம் நின்றதும் எல்லோரும் கடைக்கு வந்தார்கள், ஆனால் கையில் காசில்லை. தென்னம்பிள்ளை நட்டால் காய்க்க நாலைந்து வருஷமாவது ஆகும். அதுவரை தோப்புக்காரரும் கூலிக்காரர்தான். 'அறுவடைக்குத் தர்றேன்' என்று சொன்னவர்களுக்கு அறுவடை என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. 2019 தைப்பொங்கலுக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது 23 வீடுகளில் பாக்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். என் இரண்டு வளையல் அடகுக்குப் போனது அப்போதுதான்.

மூச்சு விடுவதற்குள் 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. மளிகைக் கடை மட்டும் திறக்கலாம், மதியம் ஒரு மணிக்குப் பூட்ட வேண்டும். டவுனுக்குப் போய் வாங்கினவர்கள் எல்லாம் எங்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். கல்லாவில் ரொக்கம் விழுந்தது. ஆனால் கோயிலும் கல்யாணமும் இல்லாததால் பூவை வாங்க ஆளில்லை. பறித்த பூவைக் குப்பையில் கொட்டினார்கள். பூக்காரர் பக்கங்கள் மறுபடி நிரம்பின. ஊரடங்கு முடிந்ததும் வரிசையில் நின்றவர்கள் மறுபடி டவுனுக்கே போய்விட்டார்கள். நோட்டில் எழுதியவர்கள் மட்டும் எங்களோடு இருந்தார்கள்.

நல்லதும் வந்தது

நடந்தது எல்லாம் கெடுதல் என்று சொல்லக்கூடாது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. கூலிக்குப் போகிற பெண்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! ஆனால் பஸ் காசுக்குப் பயந்து ஊரிலேயே வாங்கினவர்களும் இப்போது டவுனுக்குப் போய் வாங்கி வருகிறார்கள். எங்களுக்கு வியாபாரம் குறைந்தது. அதற்காக அந்த பஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. நானும் அதே பஸ்ஸில்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போகிறேன்.

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் ஆரம்பித்தது. அதிலிருந்து எங்கள் கடையில் மாசத்தின் பதினைந்தாம் தேதி ஒரு சின்ன பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. முன்பு கடன் வாங்குவது மனைவி, அடைப்பது கணவர். அவர் வருகிற வழியில் வேறு கடைக்குப் போய்விட்டால் அந்த மாசம் அவ்வளவுதான். (எந்தக் கடை என்று உங்களுக்கே தெரியும்.) இப்போது வாங்கினவளே வந்து, 'இந்தா, முந்நூறு வரவு வச்சுக்க' என்று நிமிர்ந்து நின்று கொடுக்கிறாள்.

வரி விஷயத்திலும் ஒரு வேடிக்கை பாருங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை உள்ள லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீதம் வரி என்றார்கள். உடனே 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது! 'ஒரு கிலோ ஏன் கூட?' என்று கேட்காத பெண் இல்லை. அதே மாதிரி 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கெல்லாம் வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மறுநாளே 'டி.வி.யில சொன்னாங்களே, குறைச்சுக் குடு' என்று கேட்டார்கள். பழைய சரக்கில் பழைய விலை அச்சடித்திருக்கும். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சின்னக் கடை ஏன் தள்ளாடுகிறது? 'விலை கூட வைக்கிறான், அதான்' என்பார்கள். நான் ஒரு கணக்குச் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு வீட்டுக்கு 3,000 ரூபாய்க்குச் சாமான் கடன் கொடுக்கிறோம். எல்லாம் சேர்த்து சராசரியாக நூற்றுக்கு எட்டு ரூபாய் கிடைத்தால் லாபம் 240. எங்கள் கைமுதல் 2,760. முன்பு ஏஜென்சிக்காரர் எங்களுக்கு ஒரு மாசம் தவணை கொடுப்பார், நாங்கள் ஜனங்களுக்குக் கொடுப்போம். இப்போது இறக்கினதும் காசு என்று சொன்னேன் அல்லவா? அதனால் அந்த 2,760-ஐ வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கிப் போடுகிறோம். மாசம் 55 ரூபாய் வட்டி. மூன்று மாசம் கழித்துப் பாக்கி வந்தால் வட்டிக்கு 165 போக எங்களுக்கு மிச்சம் 75 ரூபாய். ஐந்து மாசம் ஆனால் வட்டி 275. லாபம் போய் முதலிலும் 35 ரூபாய் கடித்துவிடும். இதில் கரண்ட் பில், எலி கடித்தது, ஆட்டோ வாடகை எதுவும் சேர்க்கவில்லை.

டவுனில் இருக்கும் பெரிய கடை ஒரே தடவையில் லாரி லோடு எடுக்கிறது, ரொக்கத்துக்கு மட்டும் விற்கிறது. அதனால் எம்.ஆர்.பி.யிலிருந்து குறைத்துக் கொடுக்க முடிகிறது. எங்கள் விலையில் இருக்கிற அந்த இரண்டு மூன்று ரூபாய் வித்தியாசம் பேராசை இல்லை சகோதரிகளே. காத்திருப்பதற்கான கூலி.

மூடிவிடலாமா?

2024-ல் பக்கத்து டவுனில் ஏ.சி. போட்ட பெரிய கடை ஒன்று திறந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் கடையில் எண்ணெய் டின் பாதி அப்படியே நின்றது. ஒருநாள் ராத்திரி என் வீட்டுக்காரர், "பேசாம மூடிட்டு நானும் சிங்கப்பூர் போயிடட்டுமா? இல்லேன்னா விராலிமலை பக்கம் ஏதாவது கம்பெனியில சேந்துடுறேன்" என்றார். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் காலையில் மாமாவின் பழைய நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

புயலுக்குப் பிறகு பாக்கி நின்ற 23 வீடுகளில் அதுவரை 19 வீட்டார் முழுதாக அடைத்திருந்தார்கள். யாரையும் நாங்கள் வாசலில் போய் நின்று கேட்கவில்லை. அதில் ஓர் அக்கா, தோப்பு போனதும் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனவர். 2023 ஆடியில் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து 6,200 ரூபாயை எண்ணி வைத்தார். "மாமா இருக்கும்போதே குடுத்திருக்கணும் தாயி, அவர் போனது கூட எனக்குத் தெரியாது" என்று கண் கலங்கினார். மாமா 2021-ல் தவறிவிட்டார். அவர் எழுதிய எழுத்தின் மேலேயே நான் கோடு போட்டு அடித்தேன். கை நடுங்கியது.

இதைச் சொல்லி, "இந்த மாதிரி ஜனம் இருக்கும்போது கடையை மூடுவானேன்? நடத்துற விதத்தை மாத்துவோம்" என்றேன். வீட்டுக்காரர் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். நாங்கள் செய்த மாற்றங்களைக் கீழே சொல்கிறேன். கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படலாம்.

1. வீட்டுக்கு ஒரு வரம்பு வைத்தோம். கூலி வீட்டுக்கு 1,500, அறுவடை வீட்டுக்கு 3,000. அதற்கு மேல் போனால் பாதியாவது வரவு வைத்த பிறகுதான் எழுதுவோம். வியாதி, சாவு, பிரசவம் மட்டும் விதிவிலக்கு.

2. நோட்டு எங்களிடம் ஒன்று, வாங்குகிறவர்களிடம் ஒரு சின்ன நோட்டு. இரண்டிலும் எழுதுவதால் சண்டையே வருவதில்லை.

3. பெரிய கடையோடு சோப்பு, ஷாம்பு விலையில் போட்டி போடுவதை விட்டுவிட்டோம். அங்கே கிடைக்காததை வைத்தோம். காலையில் இட்லி மாவு, அரைத்த மிளகாய்த்தூள், ஊர்த் தேங்காய், வடகாட்டுப் பலாச்சுளை, தொடுத்த பூ. மாவு என் பொறுப்பு. பூ எங்கள் தெரு அக்காவே கட்டித் தருகிறார்.

4. போனில் காசு அனுப்பும் அட்டையை மாட்டினோம். சில்லறைத் தொல்லை ஒழிந்தது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் பாக்கியை அங்கிருந்தே அனுப்பிவிடுகிறார்கள்.

5. அக்கம்பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து புதுக்கோட்டை மொத்தக் கடையில் ஒன்றாகச் சரக்கெடுக்கிறார்கள். வண்டி வாடகை நாலில் ஒரு பங்கானது. விலையும் கொஞ்சம் குறைகிறது.

ஒரு வருஷம் முடிந்துவிட்டது. பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் வட்டிக்கு வாங்குவது பாதியாகக் குறைந்துவிட்டது. வளையலில் ஒன்றை மீட்டாகிவிட்டது. இன்னொன்று அடகுக் கடையில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் பேச்சு இப்போதைக்கு வீட்டில் எழவில்லை. அடுத்த தீபாவளி எப்படியோ, அது ஆண்டவன் கையில்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

டவுனுக்குப் போகாதீர்கள், பெரிய கடையில் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிற பெண்ணுக்கு ஐந்து ரூபாய் மிச்சமும் மிச்சம்தான். நான் கேட்பது மூன்றே மூன்று.

ரொக்கம் இருக்கும்போது பெரிய கடை, ரொக்கம் இல்லாதபோது மட்டும் தெருக்கடை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மாதச் சாமானில் நாலில் ஒரு பங்காவது காசு கொடுத்து ஊர்க் கடையில் வாங்குங்கள். கடன் சொன்ன தேதியில் முழுதாக முடியாவிட்டாலும், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு முகம் கொடுத்துப் பேசுங்கள். பாக்கி இருக்கிறதே என்று கடை வாசலைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போகாதீர்கள். கடைக்காரர் எடை குறைத்தாலோ, அச்சடித்த விலைக்கு மேல் வாங்கினாலோ தட்டிக் கேளுங்கள். அதுவும் கடைக்கு நல்லதுதான்.

புயல் அடித்த ராத்திரி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி, ஏ.சி. கடையின் ஷட்டரைத் தட்ட முடியுமா? 'அக்கா' என்று கூப்பிட்டால் எழுந்து வந்து கதவைத் திறக்கிற கடை ஊருக்கு ஒன்றாவது இருக்க வேண்டாமா? உங்கள் ஊர்க் கடை எப்படி நடக்கிறது, அந்தக் கடைக்கார அக்கா என்ன சொல்கிறார் என்று நீங்களும் எழுதுங்களேன், படிக்கக் காத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.